ஏற்காடு மலைக்கு நாலாயிரம் ரூபாய் எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் உதவுமா?

கேள்வி கேட்ட தம்பி சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கிறார். ஒன்பது வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மாதம் இரண்டு முறை மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவோடு ஏற்காடு போகிறார். எட்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினால் வண்டி மூச்சு வாங்குகிறது என்கிறார். ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே பொருத்தும், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் 12 வோல்ட் எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் ஒன்று நாலாயிரம் ரூபாய்க்கு விற்கிறதாம். 15 சதவீதம் பவர் கூடும் என்று போட்டிருக்கிறதாம். வாங்கலாமா, எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் என்பது உண்மையிலேயே வேலை செய்யும் பொருளா என்று இரண்டு கேள்வி.

தம்பி, இரண்டுக்கும் வேறு வேறு பதில். எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் நிஜமானது, பிரமாதமாக வேலை செய்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருப்பது எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர் இல்லை, விசிறி. அதை வாங்க வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். இந்தக் கணக்கு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அடுத்து வேறு பெயரில் வேறு டப்பா வந்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் மலை உங்கள் காரிடமிருந்து என்ன எடுக்கிறது என்று பார்ப்போம். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். இங்கே காற்றழுத்தம் 980 மில்லிபார் என்றால் மேலே 845-தான். வித்தியாசம் 135 மில்லிபார், அதாவது 14 சதவீதம் குறைவு. மேலே குளிர்ச்சியாக இருப்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தி பெறும். பத்து டிகிரி குறைந்தால் மூன்று சதவீதம் போலத் திரும்பக் கிடைக்கும். ஆக, உங்கள் இன்ஜின் ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் சேலத்தில் கிடைப்பதைவிட 11 சதவீதம் குறைவான காற்றுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் எவ்வளவு எரியும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. காற்று 11 சதவீதம் குறைந்தால் இழுவையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும்.

இந்த 135 மில்லிபாரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் தெரியும் இல்லையா, அதில் தண்ணீரின் உயரமாகச் சொன்னால் 135 மில்லிபார் என்பது 138 செ.மீ. நாலரை அடி உயரத் தண்ணீர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை உங்கள் இன்ஜினிடமிருந்து எடுத்துக்கொள்வது அவ்வளவு. திருப்பித் தருகிறேன் என்று சொல்லும் எந்தக் கருவியும் இந்த நாலரை அடிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது விசிறிக்கு வருவோம். இந்த மாதிரிக் கருவிகள் 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர் போல எடுக்கும். 48 வாட். உங்கள் 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.2 லிட்டர் காற்றை விழுங்குகிறது. 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், வினாடிக்கு 60 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதைக் கழித்தால் 50 லிட்டர். இனி எளிய வகுத்தல்தான். காற்றைத் தள்ளும் சக்தியை வாட்டில் எடுத்து, வினாடிக்குப் போகும் காற்றைக் கன மீட்டரில் எடுத்து வகுத்தால் கிடைப்பது பாஸ்கலில் அழுத்தம். 48-ஐ 0.05-ஆல் வகுத்தால் 960 பாஸ்கல். பத்து மில்லிபாருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு துளிகூட வீணாகாத, உலகத்தில் இல்லாத ஒரு விசிறிக்கே இதுதான் உச்சவரம்பு. நிஜ விசிறியில் மூன்றில் ஒரு பங்கு தேறும், மூன்று மில்லிபார். மலை எடுத்தது 135, விசிறி கொடுப்பது 3.

நான் இதைக் காகிதத்தில் மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் இதே போன்ற ஒன்றை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் எடுத்ததும் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் பணம் கொடுத்து வாங்கியிருந்தார், ஆசையோடு வந்திருந்தார். சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு பலகையில் கண்ணாடி டியூபை யு வடிவில் கட்டி, தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினோம். டியூபின் ஒரு முனையை விசிறிக்கும் த்ராட்டில் பாடிக்கும் (பெடலை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் பாகம்) நடுவில் உள்ள ரப்பர் ஹோஸில் சொருகினோம். மறுமுனை திறந்த காற்றில். பலகையைக் கார் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்து அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு விசிறியை மட்டும் போட்டபோது தண்ணீர் 3 செ.மீ. ஏறியது. அவர் முகம் மலர்ந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம், இரண்டரை செ.மீ. நியூட்ரலில் ரெய்ஸ் பண்ணிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் லோடு இல்லாதபோது த்ராட்டில் கொஞ்சம்தான் திறக்கும், காற்றும் கொஞ்சம்தான் போகும். அதனால் அடிவாரம் தாண்டி ரோடு காலியாக இருந்த விடியற்காலையில் இரண்டாவது கியரில் பெடலை முழுக்க மிதித்து ஏற்றினேன். 4500 ஆர்பிஎம்மில் தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்விட்டது, 11 செ.மீ. உறிஞ்சல். கீழே இறங்கி வந்து விசிறியை முழுதாகக் கழற்றிவிட்டு, வெறும் ஹோஸை மாட்டி, அதே இடத்தில் அதே மாதிரி ஏற்றினோம். 9 செ.மீ. உறிஞ்சல்.

என்ன நடக்கிறது என்றால், இன்ஜின் அவசரமாகக் காற்றை இழுக்கும்போது அந்தச் சின்ன விசிறியால் அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. அதன் இறக்கைகளும் நடுவில் இருக்கும் மோட்டாரும் காற்றுப் பாதையில் அடைப்பாக நின்றுவிடுகின்றன. பவர் தேவைப்படும் நேரத்தில் அது உதவவில்லை, தடுத்தது. நண்பர் அங்கேயே அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார்.

அப்படியென்றால் போட்டவர்களில் சிலர் பிக்கப் கூடியது என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பொருத்தும்போது பெரும்பாலும் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வார்கள், அல்லது புதிது போடுவார்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவதால் இன்ஜின் கம்ப்யூட்டர் பழைய அளவுகளை மறந்து புதிதாகக் கற்க ஆரம்பிக்கும். அதிலும் சில நாள் ஓட்டம் வேறு மாதிரித் தெரியும். பானெட்டுக்குள் இருந்து புதிதாக ஒரு சத்தம் வேறு வரும். இத்தனையும் சேர்ந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

இனி நிஜமான எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜரைப் பற்றி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காற்றை அமுக்கி உள்ளே தள்ளினால் இன்ஜின் பவர் கூடும் என்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய அறிவு. இன்ஜினின் பெல்ட்டிலிருந்து சுற்றினால் சூப்பர்சார்ஜர். சைலன்ஸர் வழியாக வெளியே போகும் புகையின் வேகத்தில் சுற்றினால் டர்போ. டர்போவின் ஆரம்பக் கதைகளில் ஒன்று ஒரு மலையில்தான் நடந்தது. விமானம் உயரம் போகப் போக இன்ஜின் பலம் இழக்கிறதே, என்ன செய்வது என்று தேடிய காலம். 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோய், டர்போவோடும் டர்போ இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார். மலை எடுத்துக்கொண்ட பலத்தை டர்போ திருப்பிக் கொடுத்தது. உங்கள் கேள்வியும் அதே கேள்விதான், இடம்தான் ஏற்காடு.

டர்போவுக்கு ஒரு குறை உண்டு. வளைவில் வேகம் குறைந்து இன்ஜின் 1200, 1500 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிட்டால் வெளியே போகும் புகையும் குறைந்துவிடும், டர்போ சோர்ந்துவிடும். பெடலை மிதித்தாலும் அது மறுபடி வேகம் பிடிக்க ஒரு வினாடி, இரண்டு வினாடி ஆகும். கொண்டை ஊசி வளைவில் டீசல் கார் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் இந்தத் தவிப்பு தெரியும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மின்சார மோட்டார் வந்தது. மோட்டாருக்குப் புகை வர வேண்டும் என்ற காத்திருப்பு கிடையாது. 2016-ல் வந்த ஆடி எஸ்க்யூ7 டீசல் காரில் இரண்டு டர்போவோடு மூன்றாவதாக ஒரு எலக்ட்ரிக் கம்ப்ரசரை வைத்தார்கள். கால் வினாடிக்குள் 70,000 ஆர்பிஎம்மைத் தொடும். மோட்டார் 7 கிலோவாட். அதற்குக் கரண்ட் தரத் தனியாக 48 வோல்ட் லித்தியம் பேட்டரி. அந்தக் கார் 1000 ஆர்பிஎம்மிலேயே தன் முழு 900 நியூட்டன் மீட்டர் இழுவையையும் கொடுக்கிறது. அடுத்த வருடம் மெர்சிடீஸ் தன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் அதே போல 48 வோல்ட் கம்ப்ரசரை வைத்தது. ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களில் 2014 முதல் 2025 வரை டர்போவின் அச்சிலேயே ஒரு மோட்டார் இருந்தது. 2024-ல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் காரிலும் டர்போவுக்குள் மோட்டார். அது 400 வோல்ட்.

இந்த எண்களைக் கவனியுங்கள்: 7 கிலோவாட், 48 வோல்ட், 400 வோல்ட். ஏன் இவ்வளவு பெரிதாகப் போகிறார்கள்? உங்கள் 1.2 லிட்டர் இன்ஜினுக்கே கணக்குப் போடுவோம். அரை பார், அதாவது 500 மில்லிபார் அழுத்தம் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6000 ஆர்பிஎம்மில் அதற்குக் கம்ப்ரசருக்கு மட்டும் ஏறக்குறைய 4.7 கிலோவாட் தேவை. மோட்டாரில் வீணாவதைச் சேர்த்தால் ஐந்தரை கிலோவாட். 12 வோல்ட்டில் எடுத்தால் 450 ஆம்பியருக்கு மேல். செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பெட்ரோல் காரில் அதுவே நூற்றைம்பது ஆம்பியர் போலத்தான், அதையும் நாலு வினாடிக்கு மேல் நாம் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. உங்கள் ஆல்டர்னேட்டர் முழு மூச்சாக வேலை செய்தாலும் 70, 80 ஆம்பியர்தான் தரும். 48 வோல்ட் ஆக்கினால் அதே ஐந்தரை கிலோவாட்டுக்கு 115 ஆம்பியர் போதும், ஒயரில் சூடாக வீணாவது பதினாறில் ஒரு பங்காகக் குறையும். கம்பெனிகள் 48 வோல்ட்டுக்குப் போனதற்குப் பெரிய காரணம் இதுதான்.

காற்றை அமுக்குவது எவ்வளவு கடினமான வேலை என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பாருங்கள். போர் போடும்போது கம்ப்ரசரைச் சுற்றத் தனியாக ஒரு டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். பல வண்டிகளில் அது லாரியின் சொந்த இன்ஜினைவிடப் பெரியது. அழுத்தம் அங்கே பல மடங்கு அதிகம்தான், ஆனாலும் இயற்பியல் ஒன்றே.

இந்த இடத்தில் ஒரு தவறான வாதத்தையும் திருத்திவிட வேண்டும். விசிறி வேலை செய்யாது என்று சொல்பவர்களே சிலர், 'இன்ஜினிடமிருந்து கரண்ட் எடுத்து இன்ஜினுக்கே கொடுத்தால் லாபம் எப்படி வரும்?' என்று கேட்பார்கள். கேட்பதற்குச் சரி போலத் தோன்றும், ஆனால் சரியில்லை. கம்ப்ரசர் நேரடியாகச் சக்கரத்தைத் தள்ளவில்லை, கூடுதல் காற்றைத் தருகிறது. கூடுதல் காற்றில் கூடுதல் பெட்ரோல் எரிகிறது. லாபம் பெட்ரோலிலிருந்து வருகிறது. மேலே சொன்ன ஐந்தரை கிலோவாட் கரண்டை ஆல்டர்னேட்டர் வழியாக எடுக்க இன்ஜினில் எட்டு, ஒன்பது கிலோவாட் போகும் என்று வையுங்கள். ஆனால் 60 கிலோவாட் இன்ஜின் முப்பத்தைந்து சதவீதம் கூடுதல் காற்றோடு இன்னொரு இருபது கிலோவாட் தரும். கழித்தாலும் பத்துக்கு மேல் மிச்சம். அந்தக் கரண்டை நேராகச் சக்கரத்துக்குக் கொடுத்திருந்தால் கிடைத்திருப்பது ஐந்துதான். அதனால்தான் இது அழகான யோசனை. யோசனையில் தப்பே இல்லை, 48 வாட்டில் அதைச் செய்துவிடலாம் என்பதில்தான் தப்பு.

இன்னொரு விஷயமும் உண்டு. நிஜ எலக்ட்ரிக் கம்ப்ரசர் எந்நேரமும் ஓடுவதில்லை. வளைவிலிருந்து வெளியேறும் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு ஓடிவிட்டு டர்போவிடம் வேலையை ஒப்படைத்துவிடும். குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் குடிக்கும் காற்றும் குறைவு. 1500 ஆர்பிஎம்மில் உங்கள் இன்ஜினுக்கு 0.4 பார் கூட்ட ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல் போதும், வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு மூன்று வினாடி, ஐந்து கிலோவாட் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்த மலைக்கும் 83 வாட் ஹவர்தான். எஸ்க்யூ7 காரின் அந்தத் தனி பேட்டரி 470 வாட் ஹவர். ஒரு மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. நம் ஊர் விலைக்குச் சின்னக் கார்களில் கம்பெனியே இதைப் பொருத்தித் தரும் நாள் வந்தால் முதல் வரிசையில் நான் நிற்பேன்.

ஆனால் வெளியிலிருந்து வாங்கி உங்கள் காரில் நிஜமான ஒன்றைப் பொருத்துவது வேறு கதை. அமுக்கிய காற்று சூடாகும். அரை பாருக்கு ஏறக்குறைய 55 டிகிரி கூடும்; சேலத்து வெயிலில் 35 டிகிரியில் உள்ளே போன காற்று 90 டிகிரியில் வெளியே வரும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் நாக்கிங் அடிக்கும், அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின்களில் கம்ப்ரஷன் ஏற்கெனவே அதிகம், அழுத்திய காற்றுக்கென்று அவற்றை வடிவமைக்கவில்லை, பிஸ்டன் போய்விடும். இன்ஜெக்டரும் கம்ப்யூட்டர் மேப்பும் அந்தக் கூடுதல் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைத் தர வேண்டும். இதையெல்லாம் செய்து முடிக்கும்போது ஆகும் செலவில் நல்ல பழைய டர்போ கார் ஒன்று வந்துவிடும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றினால் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

கடையில் ஒன்றைப் பார்க்கும்போது அது நிஜமா விசிறியா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி போதும்: ஒயரைப் பாருங்கள். தீக்குச்சி கனத்தில் இரண்டு ஒயரும் பத்து ஆம்பியர் ஃபியூஸும் இருந்தால் அதன் வழியாக நூறு வாட்டுக்குச் சற்று மேல்தான் போக முடியும், அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு கிலோவாட் போக வேண்டும் என்றால் 12 வோல்ட்டில் எண்பது ஆம்பியருக்கு மேல். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிள் கனத்துக்கு வேண்டும்.

விசிறி வெறும் வீண் செலவு என்பதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பிளாஸ்டிக் இறக்கை பானெட் சூட்டில் வருடக்கணக்கில் இருந்து உடைந்தால் துண்டு நேராக இன்ஜினுக்குள் போகும், ஏனென்றால் அது ஏர் ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களில் விசிறி கிளப்பும் சுழல் காற்று சென்சாரைக் குழப்பும். பிள்ளைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு பதினைந்தாவது வளைவில் நிற்கும்படி ஆகக் கூடாது.

சரி, அப்புறம் உங்கள் கார் ஏன் திணறுகிறது? இதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து வண்டி 1250 கிலோ என்று வைப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு வரை அதைத் தூக்கத் தேவையான சக்தி, உரசல் எல்லாம் விட்டுவிட்டு வெறும் ஏற்றத்துக்கு, நாலு யூனிட் கரண்ட்டுக்குச் சற்று மேல். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் போக ஏழரை கிலோவாட், பத்துக் குதிரைத் திறன் போதும். உங்கள் காரில் எண்பது இருக்கிறது. ஆக, பவர் போதாமல் இல்லை. அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை.

வளைவைப் பாருங்கள். நூற்றுக்குப் பத்து மீட்டர் ஏற்றம் உள்ள இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் திரும்புகிறீர்கள், கியர் மூன்றில் இருக்கிறது. இந்த அளவுக் கார்களில் அப்போது இன்ஜின் ஏறக்குறைய 1000 ஆர்பிஎம். அந்தச் சுற்றில் அது தரக்கூடியது எட்டு கிலோவாட் போல. உயரம் ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஏசி ஒன்று, ஒன்றரையை எடுத்துக்கொள்ளும். கியர்பாக்ஸில் கொஞ்சம் போகும். சக்கரத்துக்கு வருவது ஐந்தரை. ஏறத் தேவையானது ஏழரை. வண்டி அங்கே நடுங்கத்தான் செய்யும். அதே இடத்தில் இரண்டாவது கியர் என்றால் இன்ஜின் 1500 ஆர்பிஎம், கையில் பதினைந்து கிலோவாட் போல. ஏசியை அணைத்தால் இன்னும் ஒன்று. நாலாயிரம் ரூபாய் விசிறி இந்த இடத்தில் என்ன கொடுக்கும் தெரியுமா? எட்டு கிலோவாட்டில் 0.3 சதவீதம், 25 வாட். அதைச் சுற்ற ஆல்டர்னேட்டர் இன்ஜினிடமிருந்து எடுப்பது எண்பது வாட்.

அதனால் வளைவுக்கு முன்பே, திரும்ப ஆரம்பிக்கும் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். வளைவுக்கு நடுவில் மாற்றினால் வேகம் செத்துவிடும். வளைவு இறுக்கமாக இருந்து முன்னே பஸ் நின்றால் முதல் கியர் போடத் தயங்க வேண்டாம். இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் சத்தம் போடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். 1000 ஆர்பிஎம்மில் பெடலை மிதித்து வண்டியை உலுக்குவதுதான் அதற்குக் கேடு. அடிவாரம் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கோடை மழை பெய்து காபி பூத்திருக்கும் நாட்களில் போனால் பிள்ளைகளே ஜன்னலை மூட விடமாட்டார்கள். இறங்கும்போதும் அதே இரண்டாவது கியர்தான், பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

ஆனால் எட்டாவது வளைவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று நீங்கள் குறிப்பாகச் சொன்னது எனக்கு உறுத்துகிறது. உயரம் அப்படித் திடீரென்று ஒரு வளைவில் வேலையைக் காட்டாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். சூடேறிய பிறகு வரும் கோளாறாக இருக்கலாம். முதலில் கிளட்ச். மலையில் மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி, வண்டி வேகம் ஏறாமல், கருகிய வாடை வந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஒன்பது வருடக் காருக்கு அது இயல்பு. வாடை இல்லாமல் விட்டு விட்டு இழுத்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பார்க்க வேண்டும், சூடானால் மக்கர் பண்ணும் காயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே சீராக மூச்சு முட்டினால் ஃபியூயல் பம்ப் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், அதுவும் சரியாக இருந்தால் சைலன்ஸரில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். ஏர் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைப் பாருங்கள். நம் ஊரில் மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைத் தூசியும் லாரித் தூசியும் சேர்ந்து அடைக்கும் வேகத்துக்கு, கம்பெனி புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குப் பாதியிலேயே ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. டயரில் காற்றும் ஐந்து பேருக்கு உரிய அளவில் இருக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்கான எண் தனியாக இருக்கும்.

விசிறிக்கு எடுத்து வைத்த பணத்தில் பிளக், ஃபில்டர் மாற்றிவிடலாம், பம்ப் பிரஷரும் பார்த்துவிடலாம். கிளட்ச் என்று வந்தால் செலவு அதற்கு மேல் போகும். எனவே மெக்கானிக்கிடம் போகும் முன் ஒருமுறை ஏசி இல்லாமல், இரண்டாவது கியரிலேயே மலை ஏறிப் பாருங்கள். எட்டாவது வளைவு தாண்டியும் திணறினால், அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள் என்ன செய்தது, வாடை வந்ததா, விட்டு விட்டு இழுத்ததா என்று பக்கத்தில் இருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்து சொல்லுங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்.